ஒரே ஆல்பத்தை இரண்டு முறை பாடிய டெய்லர் ஸ்விஃப்ட்: 'ஃபியர்லெஸ்' ஏன் மறுபடி வந்தது?

ஸ்பாட்டிஃபையில் 'ஃபியர்லெஸ்' என்று தேடிப் பாருங்கள். ஒரே பாடகி, ஒரே பெயர், பெரும்பாலும் அதே பாடல்கள். ஆனால் இரண்டு ஆல்பங்கள் வந்து நிற்கும். ஒன்று 2008-ல் வந்தது. இன்னொன்று 2021-ல் வந்தது. அதன் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'டெய்லர்ஸ் வெர்ஷன்' என்று இருக்கும்.

ரீமிக்ஸ் கிடையாது, ரீமாஸ்டர் கிடையாது. 18 வயதில் பாடியதை 31 வயதில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் புதிதாகப் பாடி, புதிதாக வாசித்து, புதிதாகப் பதிவு செய்திருக்கிறார் டெய்லர் ஸ்விஃப்ட். முதல் ஆல்பம் ஏற்கெனவே சூப்பர் ஹிட். கிராமி விருது வேறு வாங்கியது. அப்புறம் எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

காரணம் ஒரு ஒப்பந்தம். டீன் ஏஜில் போட்ட கையெழுத்து. அதிலிருந்து வெளியே வர அவருக்கு 20 ஆண்டுகள் ஆயின. எப்படி என்று பார்க்கலாம்.

முதலில், 2008 'ஃபியர்லெஸ்' எவ்வளவு பெரிய விஷயம்?

இன்றைக்கு டெய்லர் ஸ்விஃப்ட் என்றால் பாப் நட்சத்திரம். ஆனால் அவர் தொடங்கிய இடம் கன்ட்ரி இசை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வேர்விட்ட, பாஞ்சோ, ஃபிடில், ஸ்டீல் கிட்டார் கலந்த, கதை சொல்கிற பாட்டு மரபு அது. அதன் தலைநகரம் டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரம்.

பென்சில்வேனியாவில் பிறந்தவர் டெய்லர். மகளின் பாட்டுக் கனவுக்காகக் குடும்பமே நாஷ்வில் பக்கம் குடிபெயர்ந்தபோது அவருக்கு 14 வயது. அந்த வயதிலேயே சோனி நிறுவனத்தின் பப்ளிஷிங் பிரிவில் பாடலாசிரியராக ஒப்பந்தமானார். பகலில் பள்ளிக்கூடம், மாலையில் லிஸ் ரோஸ் போன்ற அனுபவசாலிகளோடு உட்கார்ந்து பாட்டு எழுதுவது. நாஷ்வில்லில் பாட்டு எழுதுவது கிட்டத்தட்ட ஆபீஸ் வேலை மாதிரிதான். அப்பாயின்ட்மென்ட் போட்டு, அறையில் உட்கார்ந்து எழுதுவார்கள்.

அந்த ஊரில் 'புளூபேர்ட் கஃபே' என்று ஒரு சின்ன இடம் உண்டு. 90 பேர் உட்காரலாம், அவ்வளவுதான். அங்கே டெய்லர் பாடியதைக் கேட்டார் ஸ்காட் போர்செட்டா. அவர் அப்போது 'பிக் மெஷின் ரெக்கார்ட்ஸ்' என்ற புது நிறுவனத்தைத் தொடங்கும் முயற்சியில் இருந்தார். 2005-ல் டெய்லர் அதில் சேர்ந்தார். மொத்தம் ஆறு ஆல்பங்கள். முதல் ஆல்பம் 2006-ல் வந்தது. இரண்டாவதுதான் 'ஃபியர்லெஸ்'. வெளியான நாள் 2008 நவம்பர் 11.

அதில் 13 பாடல்கள். 'லவ் ஸ்டோரி', 'யூ பிலாங் வித் மீ', 'ஃபிஃப்டீன்', 'ஒயிட் ஹார்ஸ்' எல்லாம் இதில்தான். 'லவ் ஸ்டோரி'யைத் தன் அறையின் தரையில் உட்கார்ந்து சுமார் 20 நிமிடத்தில் எழுதியதாக டெய்லரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆல்பம் பில்போர்டு 200 பட்டியலில் 11 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 2009-ல் அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பம் இதுதான். 2010 கிராமி விழாவில் 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' உட்பட நான்கு விருதுகள் கிடைத்தன. அப்போது அவருக்கு வயது 20. அந்தப் பெரிய விருதை வாங்கிய மிக இளையவர் என்ற சாதனை, 2020-ல் பில்லி ஐலிஷ் முறியடிக்கும் வரை அவரிடமே இருந்தது.

பாட்டு அவருடையது. அப்போ பிரச்சினை என்ன?

இங்கேதான் பலரும் குழம்புவார்கள். 'அவங்களே எழுதி, அவங்களே பாடினது. அது எப்படி வேற ஒருத்தருக்குச் சொந்தமாகும்?'

சிம்பிளா சொன்னா, நாம் கேட்கிற ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் இரண்டு சொத்துகள் இருக்கின்றன.

• முதலாவது, பாடல். அதாவது வரிகளும் மெட்டும். இதன் உரிமை எழுதியவருக்கும் அவருடைய பப்ளிஷிங் நிறுவனத்துக்கும் போகும்.

• இரண்டாவது, அந்தப் பாடலின் ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவு. இதைத்தான் 'மாஸ்டர்' என்கிறார்கள். ஸ்டூடியோவுக்குப் பணம் போட்ட ரெக்கார்டு நிறுவனம் பொதுவாக இதைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளும்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிளான் வரைந்தது நீங்கள். பில்டர் பணம் போட்டு அந்த பிளானில் ஒரு வீடு கட்டுகிறார். பிளான் உங்களுடையது, வீடு பில்டருடையது. வாடகை அவருக்கு வரும்; அதில் ஒரு பங்கை உங்களுக்குக் கொடுப்பார். ஆனால் வீட்டை யாருக்கு விற்பது, எப்போது விற்பது என்பதை முடிவு செய்வது பில்டர். உங்களைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை.

டெய்லருக்கு நடந்தது இதுதான். முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள் பிக் மெஷின் வசம் இருந்தன. அவருக்குப் பாடலாசிரியர் பங்கும் பாடகருக்கான ராயல்டியும் வந்தன. வீடு மட்டும் அவர் பெயரில் இல்லை.

இது டெய்லருக்கு மட்டும் இழைக்கப்பட்ட அநீதியா? இல்லை. அறிமுகக் கலைஞர்களுக்கு அமெரிக்க இசைத் துறை பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவரும் வழக்கமான ஒப்பந்தம் இது. யாரென்றே தெரியாத பெண்ணின் மீது நிறுவனம் பணம் போடுகிறது. ரிஸ்க் எடுத்ததற்குப் பதிலாக மாஸ்டரைக் கேட்கிறது. 15 வயதில் எத்தனை பேருக்கு அதை மறுக்கும் பலம் இருக்கும்?

2019-ல் வீடு கைமாறியது

2018 நவம்பரில் பிக் மெஷினை விட்டு விலகி, யுனிவர்சல் குழுமத்தின் 'ரிபப்ளிக் ரெக்கார்ட்ஸ்' நிறுவனத்தில் சேர்ந்தார் டெய்லர். இந்த முறை ஒப்பந்தத்தில் தெளிவாக ஒரு நிபந்தனை இருந்தது: இனி வரும் ஆல்பங்களின் மாஸ்டர் அவருக்கே சொந்தம்.

பழைய ஆறு? அவை பிக் மெஷினிடமே இருந்தன. 2019 ஜூன் 30 அன்று ஸ்கூட்டர் பிரவுனின் 'இதாகா ஹோல்டிங்ஸ்' நிறுவனம் பிக் மெஷினை வாங்கியதாக அறிவிப்பு வந்தது. விலை சுமார் 30 கோடி டாலர் என்று செய்திகள் சொல்லின. ஜஸ்டின் பீபர் உள்ளிட்டோரின் மேலாளராக இருந்தவர் பிரவுன். தன்னைப் பல ஆண்டுகளாகச் சீண்டியவர் என்று டெய்லர் குற்றம்சாட்டிய நபரும் அவரே.

செய்தி வெளியானபோதுதான் தனக்கே விஷயம் தெரியும் என்று டெய்லர் எழுதினார். பழைய மாஸ்டர்களைக் கேட்டபோது, பிக் மெஷினில் தொடர்ந்து இருந்து புதிய ஆல்பம் ஒன்று கொடுத்தால் பழைய ஆல்பம் ஒன்று கிடைக்கும் என்றுதான் சொன்னார்கள் என்றார். போர்செட்டா இதை ஏற்கவில்லை. டெய்லருக்கு நியாயமான வாய்ப்பு தரப்பட்டது, முன்கூட்டியே தகவலும் அனுப்பப்பட்டது என்பது அவர் தரப்பு. இரு தரப்பும் இணையத்தில் மாறி மாறி விளக்கம் கொடுத்தன. ரசிகர்கள் அணி பிரிந்தார்கள்.

அடுத்த ஆண்டே இன்னொரு விற்பனை. 2020 நவம்பரில் அந்த ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்களையும் 'ஷாம்ராக் கேபிடல்' என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாற்றினார் பிரவுன். ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு முறை வீடு விற்பனை. இரண்டு முறையும் கையெழுத்துப் போடும் மேஜையில் டெய்லர் இல்லை.

அதே பிளான், புது வீடு

அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு அந்தக் குறிப்பிட்ட பதிவின் மீதுதான் உரிமை. வேறொருவர் தனியாகப் பாடிப் பதிவு செய்து, அது அசலைப் போலவே அச்சு அசலாக ஒலித்தாலும், ஒலிப்பதிவு உரிமையை அது மீறாது. பாடலின் உரிமை மட்டும் சரியாக இருக்க வேண்டும். டெய்லர்தான் பாடலாசிரியர். ஆக, பிளான் கையில் இருக்கிறது. அடுத்த மனையில் அதே வீட்டைக் கட்டலாம்.

ஒரே தடை, ஒப்பந்தத்தில் இருந்த கால வரம்பு. ரெக்கார்டு நிறுவனங்கள் வழக்கமாகவே 'இத்தனை ஆண்டுகளுக்கு இதே பாடலை மறுபடி பதிவு செய்யக் கூடாது' என்று ஒரு விதி சேர்க்கும். முதல் ஐந்து ஆல்பங்களுக்கு அந்தத் தடை 2020 நவம்பரில் முடிந்துவிடும் என்று 2019 ஆகஸ்டிலேயே டெய்லர் தொலைக்காட்சியில் அறிவித்தார். அதற்கு ஒரு மாதம் முன்பு, 'எல்லாவற்றையும் மறுபடி பாடிவிடுங்கள்' என்ற யோசனையைப் பாடகி கெல்லி கிளார்க்சன் ட்விட்டரில் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

சொன்னபடி செய்தார். 2021 பிப்ரவரி 12 அன்று 'லவ் ஸ்டோரி' புதிய பதிப்பு. ஏப்ரல் 9 அன்று முழு ஆல்பம்.

புதிய 'ஃபியர்லெஸ்'ஸில் என்ன இருக்கிறது?

மொத்தம் 26 பாடல்கள். 2008-ன் 13 பாடல்கள், 2009 சிறப்புப் பதிப்பில் சேர்ந்த 6, 'டுடே வாஸ் எ ஃபேரிடேல்' என்ற தனிப்பாடல், அப்புறம் 'ஃப்ரம் தி வால்ட்' என்ற பெயரில் 6. இந்தக் கடைசி ஆறும் அந்தக் காலத்தில் எழுதி, ஆல்பத்தில் இடம் கிடைக்காமல் பெட்டிக்குள் கிடந்தவை.

இந்த வால்ட் பாடல்கள் ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாடு. 'ஏற்கெனவே கேட்ட பாட்டை நான் ஏன் மறுபடி வாங்கணும்?' என்று ரசிகர் கேட்டால், இதோ கேட்காத ஆறு பாட்டு. அவற்றில் மாரன் மோரிஸ், கீத் அர்பன் ஆகிய இரண்டு கன்ட்ரி நட்சத்திரங்களும் பாடியிருக்கிறார்கள். பாப் பக்கம் போன டெய்லர் தன் தாய்வீட்டுக்கு ஒரு எட்டு வந்துபோன மாதிரி இருந்தது.

பழைய பாடல்களைப் பொறுத்தவரை, மாற்றாமல் இருப்பதுதான் சவால். அதே வேகம், அதே இடத்தில் பாஞ்சோ, அதே இடத்தில் ஃபிடில். அசலைத் தயாரித்தவர் நேதன் சாப்மன். மறுபதிவில் டெய்லரோடு சேர்ந்து தயாரித்தவர் கிறிஸ்டோபர் ரோ. பல ஆண்டுகள் டெய்லருடன் மேடைகளில் வாசித்த இசைக்குழுவினர் இதில் வாசித்தார்கள். 'ப்ரீத்' பாடலில் 2008-ல் உடன் பாடிய கோல்பி கெய்லாட் மறுபடியும் வந்து பாடினார்.

ஹெட்போன் போட்டு இரண்டையும் அடுத்தடுத்து கேட்டால் வித்தியாசம் புரியும். புதியதில் டிரம்ஸ் இன்னும் முழுமையாக, கருவிகள் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கும். ஆனால் பெரிய வித்தியாசம் குரல். 2008-ன் குரல் மெல்லியது, கொஞ்சம் மூக்கடைத்தது மாதிரி, தென்மாநில உச்சரிப்பை இழுத்துப் பிடித்தது. 2021-ன் குரல் கனமானது. மூச்சுக் கட்டுப்பாடு கைவந்தது.

இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. 'ஃபர்எவர் அண்ட் ஆல்வேஸ்' மாதிரி, காதல் முறிந்த சூட்டோடு எழுதிய பாட்டில் 18 வயதின் அந்தக் கோபம் புதிய பதிப்பில் கொஞ்சம் ஆறிப்போயிருக்கிறது. ஆனால் 'ஃபிஃப்டீன்' கேளுங்கள். 15 வயதில் நாம் எவ்வளவு அப்பாவி என்று பேசுகிற பாட்டு. அதை 18 வயதில் பாடும்போது மூன்று வருடம் பெரிய அக்கா அட்வைஸ் பண்ற மாதிரி இருந்தது. 31 வயதில் பாடும்போது, அந்த 15 வயதுப் பெண் பெரிய மேஜைகளில் என்னென்ன காகிதங்களில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது என்று நமக்குத் தெரியும். வரி ஒன்றுகூட மாறவில்லை, பாட்டு மாறிவிட்டது.

ஜெயித்ததா?

ஜெயித்தது. முதல் வாரத்தில் அமெரிக்காவில் 2,91,000 யூனிட்கள். பில்போர்டு 200-ல் முதலிடம். மறுபதிவு செய்த ஓர் ஆல்பம் அந்த இடத்தைப் பிடித்தது அதுதான் முதல் முறை. 'லவ் ஸ்டோரி' புதிய பதிப்பு கன்ட்ரி பாடல் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. ஒரே பாட்டின் அசலும் மறுபதிவும் அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்த சாதனை, அதற்கு முன் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு: டாலி பார்ட்டன். பாட்டு, 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'.

டாலி பெயர் இங்கே வருவது வெறும் புள்ளிவிவரப் பொருத்தம் இல்லை. 1970-களில் எல்விஸ் பிரெஸ்லி அந்தப் பாட்டைப் பாட ஆசைப்பட்டார். பப்ளிஷிங் உரிமையில் பாதியைக் கேட்டார் எல்விஸின் மேலாளர். எல்விஸ் பாடினால் எந்தப் பாடலாசிரியரும் தலையாட்டிவிடும் காலம் அது. டாலி மறுத்துவிட்டார். அன்றிரவெல்லாம் அழுததாகப் பின்னாளில் சொன்னார். 1992-ல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டை 'தி பாடிகார்ட்' படத்துக்காகப் பாடி உலகமெங்கும் ஓடியபோது, உரிமை முழுசாக டாலியிடம் இருந்தது. கன்ட்ரி இசை உலகில் 'எழுதினவருக்கு என்ன கிடைக்கும்' என்ற கேள்வி டெய்லர் கண்டுபிடித்த ஒன்று அல்ல.

இன்னொரு விஷயம். புதிய 'ஃபியர்லெஸ்'ஸை கிராமிக்கோ கன்ட்ரி சங்க விருதுகளுக்கோ அனுப்பவில்லை. அசல் ஏற்கெனவே வாங்க வேண்டியதை வாங்கிவிட்டது. இந்த ஆல்பத்தின் நோக்கம் கோப்பை இல்லை.

அப்போ பழைய ஆல்பம் என்ன ஆச்சு?

அது அழியவில்லை. இணையத்தில் அப்படியே இருந்தது. ஆனால் அதன் மதிப்பு அடிவாங்கியது. எப்படி?

• ஸ்ட்ரீமிங்: ரசிகர்கள் பிளேலிஸ்ட்டுகளில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்த்தார்கள். அமெரிக்காவின் பெரிய வானொலிக் குழுமமான ஐஹார்ட்ரேடியோவும், புதிய பதிப்புகள் வர வர அவற்றையே ஒலிபரப்புவோம் என்று 2021-ல் அறிவித்தது.

• சினிமா, விளம்பரம்: ஒரு பாட்டைப் படத்திலோ விளம்பரத்திலோ பயன்படுத்த மாஸ்டர் உரிமையாளர், பாடல் உரிமையாளர் இருவரின் அனுமதியும் வேண்டும். டெய்லர் 'பழைய பதிவுக்குத் தர மாட்டேன், புதியதற்குத் தருகிறேன்' என்று சொல்லலாம். பல கோடி கொடுத்து மாஸ்டரை வாங்கியவருக்கு இது பெரிய முட்டுக்கட்டை.

வீட்டு உதாரணத்தில் சொன்னால், பழைய வீடு அங்கேயே நிற்கிறது. குடியிருந்தவர்கள்தான் பக்கத்து வீட்டுக்கு மாறிவிட்டார்கள்.

'ஃபியர்லெஸ்' சரியாகப் போனதும் மற்றவை வரிசையாக வந்தன. 2021 நவம்பரில் 'ரெட்', 2023 ஜூலையில் 'ஸ்பீக் நவ்', அக்டோபரில் '1989'. கடைசியாக வந்தது, அசலின் முதல் வார விற்பனையையே தாண்டியது.

எல்லோராலும் இது முடியுமா?

நேர்மையாகச் சொன்னால், முடியாது. மறுபதிவு புது ஐடியாவும் இல்லை. ராயல்டி தகராறில் 2012-லேயே 'டெஃப் லெப்பர்ட்' ராக் குழு தன் ஹிட் பாடல்களை மறுபடி பதிவு செய்தது. மாஸ்டர் உரிமைக்காக 1990-களில் பாடகர் பிரின்ஸ் தன் நிறுவனத்தோடு மோதியது தனிக்கதை. ஆனால் ஓர் ஆல்பத்தை முழுசாக மறுபடி எடுக்கப் பணம் வேண்டும். எடுத்ததைக் கேட்க, பழையதை ஒதுக்க, லட்சக்கணக்கான ரசிகர்கள் வேண்டும். முக்கியமாக, பாட்டை நீங்களே எழுதியிருக்க வேண்டும். மற்றவர் எழுதியதைப் பாடும் பாடகருக்கு இந்த ஆயுதத்தில் பாதிதான் கையில் இருக்கும்.

நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. மறுபதிவுக்கான தடைக் காலத்தை நீட்டி, சில புதிய ஒப்பந்தங்களில் 10, 15 ஆண்டுகள், அதற்கு மேலும்கூடக் கேட்பதாக அமெரிக்க ஊடகங்கள் எழுதின. டெய்லர் நுழைந்த கதவு, அவருக்குப் பின்னால் வரும் புது ஆட்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மூடப்படுகிறது. இந்த வெற்றிக் கதையில் அதிகம் பேசப்படாத பக்கம் இது.

கடைசியில் என்ன நடந்தது?

2025 மே 30 அன்று தன் இணையதளத்தில் ஒரு கடிதம் வெளியிட்டார் டெய்லர். முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள், வீடியோக்கள், கச்சேரிப் படங்கள், அட்டைப் படங்கள், வெளிவராத பாடல்கள் எல்லாவற்றையும் ஷாம்ராக்கிடமிருந்து தானே வாங்கிவிட்டதாக அறிவித்தார். விலையை அவர் சொல்லவில்லை. சுமார் 36 கோடி டாலர் என்று பில்போர்டு எழுதியது. மறுபதிவு ஆல்பங்களை ரசிகர்கள் ஆதரித்ததும், 149 காட்சிகள் ஓடிய 'எராஸ் டூர்' வெற்றியும்தான் இதைச் சாத்தியமாக்கியதாக எழுதியிருந்தார்.

முதல் ஆல்பத்தை முழுசாக மறுபதிவு செய்து முடித்துவிட்டதாகவும், 2017-ல் வந்த 'ரெபுடேஷன்' ஆல்பத்தில் கால்வாசிகூட முடிக்கவில்லை என்றும் அதே கடிதத்தில் சொன்னார். இனி அவசரம் இல்லை. வீடும் பிளானும் ஒரே பெயருக்கு வந்துவிட்டன.

கவனிக்க வேண்டியது இதைத்தான்: தான் எழுதி, தான் பாடியதைத் தனதாக்கிக்கொள்ள, உலகின் மிகப் பெரிய பாடகிக்கே ஒரு மறுபதிவுப் படலம், ஓர் உலகச் சுற்றுப்பயணம், கோடிக்கணக்கில் டாலர் என எல்லாம் தேவைப்பட்டன. டிசைன், கோடு, வீடியோ, எழுத்து என எதை உருவாக்குபவராக இருந்தாலும், ஒப்பந்தம் கைக்கு வரும்போது சம்பளம் எழுதியிருக்கும் பக்கத்தோடு நிறுத்தாமல், 'உரிமை யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு' என்று எழுதியிருக்கும் பக்கத்தையும் ஒரு முறை படித்துவிடுவது நல்லது.

சரி, எந்த 'ஃபியர்லெஸ்'ஸைக் கேட்பது? 2021 முதல் 2025 வரை இந்தக் கேள்விக்கு ரசிகர்களிடம் ஒரே பதில்தான் இருந்தது. பழையதைப் பிளே செய்தால் காசு வேறு யாருக்கோ போகும். இப்போது இரண்டுமே அவருடையவை. 18 வயதுக் குரல் வேண்டுமா, 31 வயதுக் குரல் வேண்டுமா என்பதை உங்கள் காதே முடிவு செய்யலாம்.